எந்தப் பஞ்சாபி? வட்டார வழக்குகளுக்குக் காதைப் பழக்கும் வழி

லூதியானாவின் நூல் கடை ஒன்றில் முதல் நாள் நான் நின்ற நிலை இன்னும் நினைவிருக்கிறது. திருப்பூரிலிருந்து கிளம்பும் முன் மூன்று மாதம் ஒரு மெல்லிய பாடப்புத்தகத்தை வைத்துப் பஞ்சாபி படித்திருந்தேன். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்பதற்குப் புத்தகத்தில் 'துஹானூங் கீ சாஹீதா ஹை?' என்று இருந்தது. கடைக்காரர் கேட்டது 'தோனூங் கீ சாஹீதா?' எனக்குப் பாதி இந்தியும் பாதித் தமிழுமாகக் காதில் விழுந்தது: தோ... நூல்? இரண்டு நூலா? இரண்டு விரலைக் காட்டித் தலையாட்டினேன். அவரும் இரண்டு பொட்டலம் எடுத்து வைத்துவிட்டார்.

புத்தகத்தில் தப்பில்லை. அதில் இருந்தது மாஜி வழக்கை, அதாவது அமிர்தசரஸ், லாகூர் பக்கத்துப் பேச்சை ஒட்டிய பொதுப் பஞ்சாபி. நான் போய் நின்றது சட்லெஜ் ஆற்றுக்குத் தெற்கே உள்ள மால்வா. பஞ்சாபிகளே 'பார்ஹீங் கோஹீங் போலீ பத்லே' என்பார்கள். பன்னிரண்டு கோசத்துக்கு (பழைய தூர அளவு) ஒருமுறை பேச்சு மாறும் என்று அர்த்தம். புதிதாகப் போகிறவர் அத்தனையையும் கற்க வேண்டியதில்லை. எதிரில் பேசுபவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பெரிய சொற்களை விட்டுவிட்டு 'க்கு', 'உடைய', 'உங்கள்', 'எப்படி' மாதிரியான பொடிச் சொற்களைக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதற்குத்தான்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. சொல்லின் கடைசியில் வரும் 'ங்' பெரும்பாலும் மூக்கொலிக்கான அடையாளம்தான், அழுத்திச் சொல்ல வேண்டாம். 'உடைய' என்ற பொருளில் வரும் 'தா'வை 'இந்தா' என்பதில் வருகிற மாதிரி மென்மையாகச் சொல்லுங்கள்.

1. முதலில் ஆறுகளை வரையுங்கள்

ஒரு தாளில் மேற்கிலிருந்து கிழக்காக ஐந்து கோடு போடுங்கள்: ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள நிலம் தோஆப். பாரசீகத்தில் 'தோ' இரண்டு, 'ஆப்' தண்ணீர். பியாஸுக்கும் ராவிக்கும் நடுவில் பாரி தோஆப், ராவிக்கும் செனாபுக்கும் நடுவில் ரச்னா, செனாபுக்கும் ஜீலத்துக்கும் நடுவில் சஜ். ஆறுகளின் முதல் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்கள் இவை. பேச்சு வழக்குகளின் பெயரும் எல்லையும் பெரும்பாலும் இந்த ஆறுகளை ஒட்டியவை.

இந்தியப் பக்கத்தில் நான்கு பெயர் போதும். பியாஸுக்கும் ராவிக்கும் இடையில் மாஜா. நடுநாடு என்று பொருள். பியாஸுக்கும் சட்லெஜுக்கும் இடையில் தோஆபா. சட்லெஜுக்குத் தெற்கே மால்வா. கிழக்கு ஓரத்தில், கக்கர் ஆற்றுப் பக்கம், புவாத்.

திசைச் சொற்களில் நமக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பஞ்சாபியில் கிழக்கு 'சட்தா', அதாவது ஏறுவது. மேற்கு 'லஹிந்தா', இறங்குவது. சூரியனை வைத்துச் சொல்கிறார்கள். நம் தமிழில் நிலத்தின் சரிவை வைத்துக் கிழக்கைக் 'கீழ்' என்கிறோம், மேற்கை 'மேல்' என்கிறோம். நேர் எதிர். இந்தியப் பஞ்சாபுக்குச் 'சட்தா பஞ்சாப்', பாகிஸ்தான் பஞ்சாபுக்கு 'லஹிந்தா பஞ்சாப்' என்று பேச்சில் சாதாரணமாக வரும். வரைபடம் இல்லாமல் கேட்டால் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வீர்கள். நான் புரிந்துகொண்டேன்.

2. போகிற ஊர் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

இந்தியப் பஞ்சாபில் இப்போது 23 மாவட்டங்கள். அமிர்தசரஸ், தரன் தாரன், குர்தாஸ்பூர், பதான்கோட் நான்கும் மாஜா. ஜலந்தர், கபூர்தலா, ஹோஷியார்பூர், ஷஹீத் பகத்சிங் நகர் (பழைய பெயர் நவான்ஷஹர், இன்னும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்) நான்கும் தோஆபா. மிச்சம் 15 மாவட்டங்களில் லூதியானா, பட்டிண்டா, மோகா, சங்ரூர், மான்சா, ஃபிரோஸ்பூர் போன்றவை மால்வா. ரோபர், மொஹாலி பக்கமும் பட்டியாலாவின் ஒரு பகுதியும் புவாத். பரப்பில் மால்வாதான் பெரியது. அதனால் வேலைக்கோ வியாபாரத்துக்கோ போகிறவர் பெரும்பாலும் மால்வாயி என்ற மால்வாப் பேச்சில்தான் போய் விழுவார்.

சண்டிகர் போகிறவர்கள் தனிக் கணக்கு. அந்த நகரம் புவாதி பேசிய கிராமங்களின் நிலத்தில் எழுந்தது. 1966 நவம்பர் 1 அன்று மாநிலம் பிரிந்தபோது புவாத் பஞ்சாப், ஹரியானா, சண்டிகர் என மூன்றாகச் சிதறியது. இன்று சண்டிகர் கடைவீதியில் புவாதியைக் கேட்பது அபூர்வம். ஓரத்துக் கிராமங்களில் வயதானவர்களிடம் கேட்கலாம். அபோஹர் பக்கம் போனால் ராஜஸ்தான் சாயல் கொண்ட பாக்ரியும் காதில் விழும். அதையும் பஞ்சாபி என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

லூதியானா நகரமே ஒரு கலவை. ஊர் சட்லெஜின் தென்கரையை ஒட்டி இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் ஃபில்லௌர், அது தோஆபா. தினமும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் போய் வருகிறார்கள். கோடு போட்ட மாதிரி எந்த இடத்திலும் பேச்சு மாறாது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

3. தொனி

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். வட இந்தியாவின் பெரிய மொழிகளில் தொனியால் பொருள் மாறுவது பஞ்சாபியில்தான். பாடப்புத்தகங்கள் எல்லாம் கொடுக்கும் மூன்று சொற்கள்: சாட்டை, குதிரை, தொழுநோயாளி. மூன்றையும் தமிழில் எழுதினால் 'கோடா' என்றே எழுத வேண்டி வரும். குரலை ஏற்றாமல் இறக்காமல் சமமாகச் சொன்னால் சாட்டை. குரலைத் தாழ்த்தித் தொடங்கினால் குதிரை. தூக்கிவிட்டு இறக்கினால் தொழுநோயாளி.

எங்கிருந்து வந்தது இது? இந்தியில் ஒலிக்கிற க, ச, ட, த, ப வரிசைகளின் நான்காம் எழுத்துகள், அதாவது மூச்சுக் கலந்த கனமான ஒலிகள், பஞ்சாபியில் சொல்லின் தொடக்கத்தில் மூச்சையும் கனத்தையும் இழந்துவிட்டன. இழந்ததற்கு ஈடாகக் குரல் தாழ்கிறது. இந்தியப் பக்கத்தில் பஞ்சாபியை எழுதும் குர்முகியில் மட்டும் பழைய எழுத்து அப்படியே நிற்கிறது. 'அண்ணாச்சி' மாதிரி எல்லோரும் சொல்லும் 'பாஜி'யை எழுதுவது கனமான எழுத்தில், சொல்வது நம் 'பாட்டி'யில் வரும் ப-வில், குரலைத் தாழ்த்தி. பாங்ரா ஆட்டத்தின் பெயரும் அப்படித்தான். 'டோல்' மேளத்தின் முதல் எழுத்தும் உள்ளூர்க்காரர் வாயில் நம் 'டீ'க்கடையின் ட-தான்.

நமக்கு இதில் ஒரு சலுகை உண்டு. இந்தி கற்கும்போது தமிழர்களைப் படுத்தும் அந்த ஐந்து கனத்த எழுத்துகளும் இங்கே வாயில் வர வேண்டியதில்லை. வீட்டுக்கு 'கர்' என்று நம் க-வில் குரலைத் தாழ்த்திச் சொன்னாலே சரி. இந்தி நன்றாகத் தெரிந்தவர்தான் இங்கே தடுமாறுவார். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஹ-வும் இப்படியே மறைந்து, குரலை உயர்த்திவிடும். தேநீரை 'சாஹ்' என்று எழுதுவார்கள். சொல்லும்போது 'சா', ஆனால் மேலே ஏறி இறங்கும்.

இன்னொரு சலுகை ண-வும் ள-வும். தண்ணீர் இந்தியில் 'பானீ', பஞ்சாபியில் 'பாணீ'. கறுப்பு 'காளா'. 'கோலீ' என்றால் வேலைக்காரி, 'கோளீ' என்றால் மாத்திரை அல்லது துப்பாக்கிக் குண்டு. குர்முகியில் ள-வுக்கு ல-வின் கீழ் ஒரு புள்ளி வைப்பார்கள். முதல் 35 எழுத்தில் அது கிடையாது, பலர் எழுதும்போது வைப்பதும் இல்லை. படிக்கும்போது புள்ளி இல்லை என்று நம்பி ல-வைச் சொல்லிவிடாதீர்கள், காதை நம்புங்கள்.

4. பொடிச் சொற்கள்

இப்போது வழக்குகளைப் பிரிக்கலாம். முதலில் 'எப்படி'. மாஜாவில் 'கிவேங்', தோஆபாவில் 'கித்தாங்', மால்வாவில் 'கிமேங்'. இந்த ஒரு சொல்லே பல நேரம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 'கித்தாங்' இப்போது எல்லோர் வாயிலும் 'என்ன, எப்படி இருக்கே?' என்ற பொருளில் ஓடுவதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது 'உங்கள்'. பொது வழக்கில் 'துஹாடா'. மால்வாக்காரர் அதைச் சுருக்கித் 'தோடா' என்பார். 'உங்களுக்கு' என்பது 'தோனூங்' ஆனதும் அதே சுருக்கம்தான், என் இரண்டு நூல் பொட்டலங்களுக்குக் காரணம். புவாதியில் 'தாரா', அதோடு 'எங்கள்' என்பதற்கு 'ம்ஹாரா'. இந்த இரண்டும் ஹரியானா பக்கத்தின் சாயல். 'ம்ஹாரா' காதில் விழுந்தால் மால்வாவைத் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வ என்ன ஆகிறது என்று பாருங்கள். 'உள்ளே, இல்' என்பதற்குப் பொதுவில் 'விச்ச்'. தோஆபாவில் வ கனமான ப ஆகி 'பிச்ச்' என்று ஒலிக்கும். மால்வாவிலும் இது உண்டு. ஆனால் மால்வாவில் சொல்லின் நடுவில் வ பல இடங்களில் ம ஆகிவிடும். 'கிவேங்' 'கிமேங்' ஆனது அப்படித்தான். பெண்ணைக் குறிக்கும் 'தீவீங்' அங்கே 'தீமீங்'. இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் புரியாத மால்வாயிச் சொற்களில் பாதி தானாகத் திறக்கும். ம-வை வ-வாக்கிப் பாருங்கள், புத்தகத்துச் சொல் வெளியே வரும்.

'செய்வான்' என்பதற்குப் புத்தகத்தில் 'கரேகா' இருக்கும். மால்வாவிலும் தோஆபாவிலும் 'கரூகா' அல்லது வெறும் 'கரூ'. 'இருந்தது' என்பதற்கு 'ஸீ' பொது, மால்வாக் கிராமங்களில் 'தீ' கேட்கும். குழந்தையை மால்வாவில் 'ஜுவாக்' என்பார்கள், தோஆபாவில் 'நியாணா'.

விளிச்சொல்லை விடக் கூடாது. ஆண்களை மாஜாவில் 'பாவூ' என்றும் தோஆபாவில் 'பாஜி' என்றும் மால்வாவில் 'பாயீ' என்றும் கூப்பிடுவார்கள். பஞ்சாபியில் 22 என்ற எண்ணுக்கும் 'பாயீ' என்றுதான் பெயர். அதனால் டிராக்டரின் பின்னால், ஜீப் கண்ணாடியில், செல்போன் குறுஞ்செய்தியில் எல்லாம் '22 ஜி' என்று எழுதியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ பதிவெண் என்று நினைத்தேன்.

இந்தச் சொற்களை ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தியாக எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து யார் எந்தப் பத்தியில் விழுகிறார் என்று கோடு போடுங்கள். பத்து நாளில் காது பழகிவிடும். ஒரே ஆள் இரண்டு பத்தியில் விழுந்தால் பதறாதீர்கள். அம்மா ஜலந்தர், அப்பா மோகா என்று இருக்கும்.

5. ராவியைத் தாண்டினால்

பஞ்சாபி பேசுபவர்களில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3.31 கோடிப் பேர், 2017 கணக்கெடுப்பில் பாகிஸ்தானில் 8 கோடிக்கும் மேல். துபாயிலோ லண்டனிலோ வேலை பார்க்கிற தமிழருக்கு அருகில் உட்காரும் பஞ்சாபி, பாகிஸ்தான்காரராகவே இருக்கலாம்.

லாகூர், கசூர், குஜ்ரன்வாலா, சியால்கோட் எல்லாம் மாஜி வட்டம். அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் சுமார் 50 கிலோமீட்டர்தான். பேச்சில் அடித்தளம் ஒன்று. எழுத்து மட்டும் வேறு: இங்கே குர்முகி, அங்கே உருது எழுத்தை ஒட்டிய ஷாமுகி. கடிதம் எழுதினால் படிக்க முடியாத இருவர் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

இன்னும் மேற்கே, வடமேற்கே போனால் 'எனக்கு' என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே போதும். பொதுப் பஞ்சாபியில் 'மைனூங்'. ராவல்பிண்டி, ஜீலம், சக்வால், மீர்பூர் பக்கத்துப் போட்டோஹாரியில் 'மிகி'. முல்தான், பஹாவல்பூர், தேரா காஜி கான் பக்கத்துச் சராய்கியில் 'மைகூங்'. நம் நான்காம் வேற்றுமைக் 'கு' போலவே கேட்கும். நினைவில் வைத்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான். அதை வைத்து வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்.

'உடைய' என்பதற்குப் பொதுவில் 'தா', போட்டோஹாரியில் 'நா'. போ, வா என்பதற்கு அங்கே 'கச்ச்', 'அச்ச்'. எதிர்காலத்தில் மேற்கு வழக்குகள் எல்லாம் ஸ-வைக் கொண்டு வரும்: 'செய்வேன்' என்பது மாஜியில் 'கராங்கா', போட்டோஹாரியில் 'கர்ஸாங்', சராய்கியில் 'கரேஸாங்'. கா வந்தால் கிழக்கு, ஸா வந்தால் மேற்கு. மொழியியலாளர் கிரியர்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் இந்திய மொழிக் கணக்கெடுப்பில் மேற்கு வழக்குகளை 'லஹந்தா' என்று தனி மொழியாகவே பிரித்து வேறு தொகுதியில் வைத்தார். கிழக்கும் மேற்கும் ஒரே மொழியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சராய்கியில் இன்னொரு சங்கதி. மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்தபடி சொல்கிற நான்கு மெய்யொலிகள் அதில் உண்டு, சிந்தி மொழியில் போல. கிழக்கில் மறைந்துபோன கனத்த மூச்சொலிகளும் அங்கே அப்படியே இருக்கின்றன. அதனால் மேலே சொன்ன குரல் தாழ்த்தும் வித்தை அங்கே உதவாது. காதுக்கு இனிமையான பேச்சு. நமக்கு நாக்கு சுளுக்கும்.

பெஷாவர், அப்போட்டாபாத் பக்கத்து ஹிந்த்கோ, சர்கோதா பக்கத்து ஷாபூரி, ஜங் பக்கத்து ஜங்கோச்சி ஆகியவற்றைப் பெயரளவில் தெரிந்துகொண்டால் போதும். இங்கிலாந்து போகிறவர்கள் மட்டும் போட்டோஹாரியில் கூடுதல் கவனம் வையுங்கள். 1960களில் மங்களா அணை கட்டியபோது மீர்பூர்ப் பக்கம் லட்சம் பேருக்கு மேல் ஊரை இழந்தார்கள். அவர்களில் பலர் பிரிட்டனின் ஆலை நகரங்களுக்குப் போனார்கள். பர்மிங்காமிலும் பிராட்ஃபோர்டிலும் பாகிஸ்தான் குடும்பங்களில் 'மிகி' கேட்பதற்கு அதுவே காரணம். அவர்களில் பலர் தம் பேச்சைப் 'பஹாடி' என்பார்கள்.

6. 1947ஐ மறந்துவிட்டு வரைபடத்தைப் படிக்காதீர்கள்

மேலே சொன்ன மாவட்டக் கணக்கு எல்லாம் நிலத்துக்கு. ஆட்கள் நகர்ந்திருக்கிறார்கள். 1890களில் ஆங்கிலேயர் செனாப் தண்ணீரைக் கால்வாயில் திருப்பி வறண்ட நிலத்தில் குடியேற்றம் செய்தபோது, அமிர்தசரஸ், ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்து விவசாயிகள் போய் லயல்பூரைச் சுற்றி எண் போட்ட கிராமங்களில் குடியேறினார்கள். இன்றைய பைசலாபாத் அது. 1947இல் அவர்களில் சீக்கியரும் இந்துக்களும் கிழக்கே திரும்பி வந்தார்கள். கிழக்கிலிருந்த முஸ்லிம்கள் மேற்கே போனார்கள். ஆகவே பைசலாபாத்தில் ஜலந்தர் வாடை வீசும், டெல்லியின் தேராவால் நகரில் தேரா காஜி கான் போன்ற சிந்து நதிக்கரைத் 'தேரா' ஊர்களின் பேச்சு வீட்டுக்குள் ஒலிக்கும். ஹரியானா ஊர்களில் ஒரு பெரியவர் 'மைகூங்' என்றால் அவர் முல்தான் பக்கத்துக் குடும்பம். முல்தானை அவரே பார்த்திருக்காமலும் இருக்கலாம்.

7. சில ஜாக்கிரதைகள்

முல்தான்காரரிடம் 'நீங்கள் பேசுவது பஞ்சாபியின் வழக்குதானே?' என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே அது அரசியல். சராய்கி என்ற பெயரே 1960களில்தான் பொதுப்பெயராக நிலைத்தது. 1981 பாகிஸ்தான் கணக்கெடுப்பில் சராய்கியும் ஹிந்த்கோவும் தனி மொழிகளாக எண்ணப்பட்டன. ஜம்முவின் டோக்ரியும் அப்படித்தான். ஒரு காலத்தில் பஞ்சாபியின் கிளை என்று எழுதினார்கள், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் தனி மொழியாக இடம்பெற்றது.

புவாதியையும் மால்வாயியையும் கேலி செய்து பேசிக்காட்டும் பழக்கம் நகரத்துப் பஞ்சாபிகளிடம் உண்டு. சிரிப்பில் கலந்துகொள்ளாதீர்கள், வெளியூர்க்காரர் செய்தால் எடுபடாது. உங்கள் பேச்சை யாராவது 'டேட் பஞ்சாபி' என்றால் சந்தோஷப்படுங்கள். கலப்பில்லாத மண்ணுப் பேச்சு என்று அர்த்தம்.

வழக்கு எதுவென்று நேரடியாகக் கேட்பதும் வேண்டாம். ஊரைக் கேளுங்கள்: 'துஹாடா பிண்ட் கேஹ்டா?' பிண்ட் என்றால் கிராமம். நாற்பது வருடமாக நகரத்தில் இருப்பவரும் தயங்காமல் கிராமத்தின் பெயரைச் சொல்வார், அப்புறம் அதன் கதையைச் சொல்வார். அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் நோட்டின் மூன்று பத்திக்கும் தீனி கிடைத்துவிடும்.

யாரிடம் கற்பது என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். வியாபாரம் மால்வாவில் என்றால் மால்வாக்காரரிடம் கற்பதுதான் நல்லது. நான் யோசிக்கவில்லை. லூதியானாவில் நான் குடியிருந்த வீட்டம்மா ஹோஷியார்பூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். தினமும் சாயங்காலம் அவர் கொடுத்த டீயோடு சேர்த்துக் கற்றதுதான் என் பஞ்சாபி. திருப்பூர் திரும்பிய பிறகு ஒரு நாள் மோகாவிலிருந்து ஒரு புதிய வாடிக்கையாளர் போனில் பேசினார். கால் மணி நேரம் நூல் விலை பேசி முடித்துவிட்டு, 'பாயீ ஜி, நீங்கள் தோஆபாவில் எந்தப் பிண்ட்?' என்று கேட்டார்.